8+8 ஜிபி ரேமுடன் 16 ஜிபி சேர்த்ததும் ப்ளூ ஸ்கிரீன்: மூன்றுமே 3200 தானே?

கரிசல்காடு:
ரைசன் 5 3600 சிபியு, நான்கு ரேம் ஸ்லாட் உள்ள பி450 மதர்போர்டு. ஏற்கெனவே ஹீட்சிங்க் போட்ட 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் இரண்டு, ஏ2, பி2 ஸ்லாட்டுகளில் இருந்தன. இப்போது ஏ1-இல் 16 ஜிபி ஒன்று சேர்த்திருக்கிறேன். பயாஸ் 32 ஜிபி சரியாகக் காட்டுகிறது, விண்டோஸும் ஏறுகிறது. ஆனால் பிரௌசரில் நிறைய டேப் திறந்தாலோ வீடியோ ரெண்டர் போட்டாலோ பத்து நிமிடத்துக்குள் ப்ளூ ஸ்கிரீன். ஒருமுறை மெமரி மேனேஜ்மென்ட் என்கிறது, அடுத்தமுறை பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா. எக்ஸ்எம்பியை (ரேமை லேபிளில் உள்ள வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) அணைத்தால் 2133 வேகத்தில் விழாமல் ஓடுகிறது.

பழைய ஸ்டிக் லேபிள்: 3200, 16-18-18-38, 1.35 வோல்ட்.
புதியது: ஹீட்சிங்க் இல்லாத பச்சை போர்டு, 16 ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ, 1.2 வோல்ட்.

புதிய ஸ்டிக் பழுதா? கடையில் மாற்றிக் கேட்கலாமா?

சாலிடர்:
மாற்றக் கேட்காதீர்கள். நீங்கள் கொடுத்த லேபிள் விவரத்திலேயே விடை இருக்கிறது.

இரண்டிலும் 3200 என்று இருந்தாலும் அவை வேறு வேறு 3200. பழையது எக்ஸ்எம்பி மூலம் 3200 போவது. அதன் சிஎல், அதாவது கேட்டதும் டேட்டா வர ஆகும் கிளாக் எண்ணிக்கை, 16. புதியதில் உள்ள 'ஏஏ' என்ற இரண்டு எழுத்து ஜெடெக் (மெமரித் தரங்களை வகுக்கும் அமைப்பு) தரத்தின் 22-22-22 டைமிங்கைக் குறிக்கிறது. 3200-இல் ஒரு கிளாக் 0.625 நானோ செகண்ட். ஆக, பழையது 10 நானோ செகண்டில் டேட்டாவைக் கொடுத்துவிடும். புதியதற்கு 13.75 வேண்டும்.

எக்ஸ்எம்பியை ஆன் செய்தால் போர்டு ஒரு ஸ்டிக்கின் ப்ரொஃபைலை எடுத்து எல்லா ஸ்டிக்குக்கும் போட்டுவிடும். வோல்டேஜும் எல்லா ஸ்லாட்டுக்கும் ஒன்றுதான். புதிய ஸ்டிக்கை சிஎல் 16-க்கு விரட்டுகிறீர்கள், அது மூச்சு வாங்குகிறது. சும்மா இருக்கும்போது தாங்கும். நிரம்ப நிரம்பத் தப்பான பிட் வரும். எந்த புரோகிராமின் பக்கத்தில் அந்த பிட் விழுகிறதோ அதற்கேற்ற எரர். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்டாப் கோட் வந்தால் டிரைவரை நோண்டுவதற்கு முன் மெமரியைப் பாருங்கள்.

தாமிரா:
சாலிடர் சொன்னதுதான் காரணமா இருக்கும். ஆனா ஸ்டிக் நல்லா இருக்குன்னு முதல்ல உறுதி பண்ணிக்குங்க, இல்லேன்னா டைமிங்கை மாத்தி மாத்தி நாளை ஓட்டுவீங்க.

பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86+ ங்கிற மெமரி சோதனை புரோகிராமைப் போட்டு பூட் பண்ணுங்க. எக்ஸ்எம்பி ஆஃப். ஒரு நேரத்துல ஒரே ஸ்டிக், அதுவும் ஏ2 ஸ்லாட்ல, அதாவது சிபியு பக்கத்துல இருந்து எண்ணினா இரண்டாவது. ஒவ்வொண்ணுக்கும் நாலு பாஸ், அதாவது நாலு முழுச் சோதனைச் சுற்று. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ஸ்டிக் தேறலை, 'ஒண்ணுதானே' ன்னு விடக்கூடாது. மூணும் தனித்தனியா பாஸ் ஆகி, சேர்த்து எக்ஸ்எம்பி போட்டா மட்டும் எரர் வந்தா, அது ஸ்டிக்குகள் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாத சிக்கல்தான். விண்டோஸ்ல வர்ற மெமரி டயக்னோஸ்டிக்கை மட்டும் நம்பாதீங்க, அது நிறைய தவற விட்டுடும்.

கழட்டும்போது: சுவிட்சை அணைச்சு பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனை பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க. கடைகள்ல கோல்ட் கான்டாக்ட்டை அழிரப்பர் வெச்சுத் தேய்ப்பாங்க. அதைச் செய்யாதீங்க, ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள்ள போய் உட்காரும், முலாமும் தேயும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால ஒரு இழுப்பு போதும். திரும்பப் போடும்போது நிறைய போர்டுல ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கும். அந்தப் பக்கம் 'டக்' னு கேட்டுடும், மறுபக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கிட்டே இருக்கும். இரண்டு முனையையும் அழுத்திப் பாருங்க.

இன்னொண்ணு. ஸ்டிக்குகளோட இடமே தப்பு. ஏ, பி ங்கிறது சிபியு மெமரியோட பேசுற இரண்டு பாதை, அதாவது சேனல். இப்ப ஏ சேனல்ல 24, பி சேனல்ல 8. பழைய இரண்டையும் ஏ1, ஏ2-ல போட்டு, புதுசை பி2-ல தனியா விடுங்க. அப்ப 16-க்கு 16, டூயல் சேனல் முழுசா கிடைக்கும்.

கரிசல்காடு:
மூன்றும் தனித்தனியாக நான்கு பாஸ், எரர் 0. இடம் மாற்றிவிட்டேன். எக்ஸ்எம்பி போட்டு மூன்றையும் சேர்த்து ஓட்டினால் முதல் பாஸிலேயே எரர் வருகிறது. 2133-இல் விட மனமில்லை. வோல்டேஜை 1.4-க்கு ஏற்றினால் சிஎல் 16 வருமா?

சாலிடர்:
வேண்டாம். ஜெடெக் கணக்கில் புதிய ஸ்டிக்கின் எல்லை 1.14 முதல் 1.26 வோல்ட் வரை. வோல்டேஜை ஏற்றினாலும் அந்தச் சில்லு சிஎல் 16-க்கு வரும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. பழையதைப் புதியதன் நடைக்கு இறக்குவதுதான் வழி.

எக்ஸ்எம்பி ஆஃப். மெமரி வேகம் 2933. இந்த சிபியுவில் ஒரு சேனலில் இரண்டு ஒற்றை ரேங்க் ஸ்டிக் (லேபிளில் 1ஆர், சில்லுகள் ஒரே தொகுதியாக இயங்குவது) என்றால் ஏஎம்டி சொல்லும் அதிகபட்சமே 2933-தான். டைமிங் 22-22-22-48, கமாண்ட் ரேட் 2டி, வோல்டேஜ் 1.25.

இனி பலரும் தவறவிடும் இடம்: டிஆர்எஃப்சி. ரிஃப்ரெஷ், அதாவது செல்லில் உள்ள பிட் கசியாமல் மறுபடி மின்னேற்றுவது, முடிய ஆகும் நேரம் இது. 8 ஜிகாபிட் சில்லுக்கு 350 நானோ செகண்ட், 16 ஜிகாபிட் சில்லுக்கு 550. உங்கள் பழைய 8 ஜிபி ஸ்டிக்கில் எட்டு சில்லு இருந்தால் அவை 8 ஜிகாபிட். புதிய 16 ஜிபியிலும் எட்டே சில்லு, அதனால் ஒவ்வொன்றும் 16 ஜிகாபிட். ஒற்றைப் பக்கம் எண்ணிப் பார்த்தாலே தெரியும். பழைய ப்ரொஃபைலின் குறைந்த டிஆர்எஃப்சி புதியதற்குப் போனால் ரிஃப்ரெஷ் பாதியில் அறுபடும், செல்லில் இருந்த பிட் கசிந்துவிடும். 2933-இல் 550 நானோ செகண்ட் என்பது 807 கிளாக். ஆட்டோவில் அதற்குக் குறைவாகக் காட்டினால் கையால் 807 போடுங்கள்.

போர்டு கிளம்பவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பவர் கார்டைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். 2933-இலும் எரர் வந்தால் 2666-க்கு இறங்குங்கள். அங்கே டிஆர்எஃப்சி 734 போதும்.

மின்தறி:
இதே வேலையைக் கேம் ஆடும் கணினியில் செய்ய நினைப்பவர்களுக்கு: கலப்படத்தைச் சரிக்கட்டுவதைவிட, ஒரே பெட்டியில் வரும் 16+16 கிட் வாங்கி, பழையதை விற்றுவிடுவது நல்லது. ஒரே மாடலைத் தனித்தனியாக இரண்டு வாங்குவதும் உத்தரவாதமில்லை. உள்ளே சாம்சங், மைக்ரான், ஹைனிக்ஸ் என்று சில்லு மாறிக்கொண்டே வரும், வெளியே ஸ்டிக்கர் ஒன்றாகத்தான் இருக்கும். வாங்கியதும் சிபியு-இசட் புரோகிராமில் எஸ்பிடி (ஸ்டிக் தன் விவரங்களைச் சேமித்து வைத்திருக்கும் இடம்) பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் சில்லுத் தயாரிப்பாளர், ரேங்க், டைமிங் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

கரிசல்காடு:
2933, 22-22-22-48, டிஆர்எஃப்சி 807, 1.25 வோல்ட். ஆட்டோவில் 513 தான் போட்டிருந்தது. ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட், எரர் 0. ரெண்டரும் விழாமல் முடிந்தது. சாலிடருக்கும் தாமிராவுக்கும் மிக்க நன்றி.

தாமிரா:
நல்லது. எரர் வந்த நாட்கள்ல விண்டோஸ் அப்டேட் ஏதாவது ஏறியிருந்தா அந்த ஃபைல்கள் கெட்டிருக்கலாம். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஒருதடவை ஓட்டுங்க. அந்த நாட்கள்ல காப்பி பண்ணின ஃபோட்டோ, ஜிப் ஃபைல் எல்லாம் திறக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் ஒரிஜினலை அழிங்க.