கிராம் சாயத்தில் ஒரே பாக்டீரியா ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் தெரிகிறது: எதை நம்புவது?

மண்ணுயிரி:
வணக்கம். மண் மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவை அடையாளம் காண முயன்று, முதல் படியான கிராம் சாயமேற்றலிலேயே (செல்சுவரைப் பொறுத்துப் பாக்டீரியாவை ஊதாவாகும் கிராம் நேர், இளஞ்சிவப்பாகும் கிராம் எதிர் என இரண்டாகப் பிரிக்கும் முறை) நிற்கிறேன். ஊட்ட அகாரில் பெரிய, தட்டையான, ஓரம் ஒழுங்கற்ற, மங்கிய வெண்ணிறக் காலனிகள் வளர்கின்றன. மீண்டும் கீற்றிட்டு வளர்த்தபோதும் ஒரே வகைக் காலனிகளே கிடைத்ததால் வளர்ப்பு தூய்மையானது என்றே கருதுகிறேன். ஆனால் புதிதாக வளர்ந்த தட்டிலிருந்து எடுத்தால் கோல் வடிவ செல்கள் ஊதாவாகவும், சில நாள் கழித்து அதே தட்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவும் தெரிகின்றன. கிராம் எதிர் கோல்களுக்கான ஆயத்தச் சோதனைப் பட்டையில் இட்டதில் ஏற்கத்தக்க பெயர் எதுவும் வரவில்லை. நொதிச் சோதனைகளில் கேட்டலேஸ் நேர்மறை, ஆக்ஸிடேஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வருகிறது. எந்த முடிவை வைத்து மேலே செல்வது?

நீலச்சாயம்:
வணக்கம். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: நிறம் மாறுவது வளர்ப்பின் வயதால். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட இம்முறையில், கிரிஸ்டல் வயலட்டும் அயோடினும் சேர்ந்து செல்லுக்குள் பெரிய கூட்டுப்பொருளாகின்றன. ஆல்கஹால் படும்போது கிராம் நேர் செல்லின் தடித்த பெப்டிடோகிளைக்கான் (சர்க்கரையும் அமினோ அமிலங்களும் பின்னிய வலை) சுவர் நீரிழந்து இறுகி அதை உள்ளேயே பூட்டிவைக்கிறது. செல் முதுமையடைந்து சுவர் சிதையத் தொடங்கினால் அந்தப் பூட்டு தளர்ந்து ஊதா வெளியேறிவிடும். பிறகு ஏற்றும் சாஃப்ரானினின் இளஞ்சிவப்பே மிஞ்சும். பேசிலஸ், கிளாஸ்டிரிடியம் இனங்களில் இது விரைவாக நிகழும். ஆகவே 18 முதல் 24 மணி நேர வளர்ப்பிலிருந்து மெல்லிய பூச்சு தயாரித்து, அதே ஸ்லைடில் ஒருபுறம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் (கிராம் நேர்) மறுபுறம் எஸ்செரிசியா கோலையும் (கிராம் எதிர்) வைத்துச் சாயமேற்றுங்கள். அவை இரண்டும் தத்தம் நிறத்தில் வராத ஸ்லைடில் நடுவிலுள்ளதைப் படிக்கவே வேண்டாம்.

சாயத்தைச் சாராத சான்றுக்கு 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு சோதனை போதும். ஒரு துளியில் காலனியைக் கலக்கி, ஒரு நிமிடத்திற்குள் கம்பி வளையத்தை மெல்ல உயர்த்துங்கள். கிராம் எதிர் செல்கள் உடைந்து டி.என்.ஏ. வெளிப்படுவதால் கரைசல் சளி போல நூலாக இழுபடும். கிராம் நேர் என்றால் பொதுவாக நீர்த்தே இருக்கும். பழைய தட்டின் பூச்சில், கோலின் நடுவே சாயமேறாத நீள்வட்ட வெற்றிடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் மாலகைட் பச்சையை ஆவி எழும் சூட்டில் ஏற்றி, நீரில் கழுவி, சாஃப்ரானின் இடுங்கள். அகவித்துகள் (கடுஞ்சூழலைத் தாங்கச் செல்லுக்குள் உருவாகும் உறங்குநிலை வித்துகள்) பச்சையாகவும் செல்கள் இளஞ்சிவப்பாகவும் நிற்கும்.

ஆக்ஸிடேஸ் தடுமாறுவதற்கு நிக்ரோம் வளையம் காரணமாக இருக்கலாம். அதிலுள்ள இரும்பு வினைப்பொருளைத் தானே ஆக்ஸிஜனேற்றிவிடும். மரக்குச்சியால் எடுத்து 10 விநாடிக்குள் படியுங்கள். சோதனைப் பட்டையின் முடிவை ஒதுக்கிவிடலாம். தன் தரவுத்தொகுப்பில் இல்லாத உயிரிக்கு அதனால் சரியான பெயர் சொல்ல முடியாது. பெயர் வராமல் போனதே நல்லது. தவறான பெயரொன்று வந்திருந்தால் இழப்பு அதிகம்.

மண்ணுயிரி:
மிக்க நன்றி. இளம் வளர்ப்பில் கோல்கள் சீராக ஊதாவாக உள்ளன; நூல் இழுபடவில்லை. பழைய வளர்ப்பில் நீள்வட்ட அகவித்துகள் தெளிவாகத் தெரிகின்றன; அவை செல்லைப் புடைக்கச் செய்யவில்லை. இரத்த அகாரில் காலனியைச் சுற்றி அகலமான தெளிந்த வளையம் உள்ளது. அரைத்திண்ம ஊடகத்தில் குத்திய கோட்டிலிருந்து வளர்ச்சி பரவுகிறது. பாக்டீரியாவை அடையாளம் காண ஒப்பிடப்படும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. (ரைபோசோம் ஆர்.என்.ஏ.) மரபணு வரிசையும் கிடைத்துவிட்டது. ஆனால் பேசிலஸ் சீரியஸ், பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ், பேசிலஸ் ஆந்த்ராசிஸ் (ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்குவது) ஆகிய மூன்று பெயர்களும் 99 சதவீதத்திற்கும் மேலான ஒப்புமையுடன் வருகின்றன. வரிசைப்படுத்தலில் ஏதேனும் பிழையா?

அகார்த்தட்டு:
பிழை இல்லை, அந்த மரபணுவின் எல்லை அது. ஏறத்தாழ 1,500 கார இணைகள் கொண்ட 16எஸ் மரபணு மிக மெதுவாக மாறுவதால்தான், 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அந்த ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு ஆர்க்கியாவை (பாக்டீரியா போலத் தோன்றும் வேறொரு நுண்ணுயிர்த் தொகுதி) தனிப்பிரிவாகக் காட்ட முடிந்தது. அதே மெதுவான மாற்றம், அண்மையில் பிரிந்த சிற்றினங்களைப் பிரித்துக்காட்டத் தடையாகிறது. ஒப்புமை ஏறத்தாழ 98.7 சதவீதத்திற்குக் கீழே இருந்தால் வேறு சிற்றினம் என்று கொள்ளலாம். மேலே இருந்தால் ஒரே சிற்றினம் என்று கொள்ள முடியாது. எஸ்செரிசியா கோலையும் ஷிகெல்லாவும் இதே சிக்கலைத் தருகின்றன. ரைபோசோம் புரதங்களின் நிறையை அளக்கும் மால்டி-டாஃப் கருவியும் இம்மூன்றும் அடங்கிய சீரியஸ் குழுவுக்குள் நம்பத்தக்க வகையில் பிரித்துக்காட்டுவதில்லை.

இம்மூன்றையும் வேறுபடுத்தும் முக்கியப் பண்புகள் பலவும் பிளாஸ்மிடுகளில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டி.என்.ஏ. துண்டுகள்) உள்ளன. ஆந்த்ராசிஸின் நச்சும் உறையும் பிஎக்ஸ்ஓ1, பிஎக்ஸ்ஓ2 என்ற இரு பிளாஸ்மிடுகளைச் சார்ந்தவை; துரிஞ்சியென்சிஸின் பூச்சிக்கொல்லிப் புரதமும் பெரும்பாலும் பிளாஸ்மிடிலேயே இருக்கிறது. பிளாஸ்மிடை வைத்துச் சிற்றினப் பெயர் சூட்டுவது வகைப்பாட்டு நோக்கில் எனக்கு அவ்வளவு உடன்பாடானதல்ல. ஆனால் மருத்துவத் தேவை அந்தப் பெயர்களைக் காப்பாற்றி வருகிறது.

உங்கள் தனிவகை இரத்தச் செல்களைச் சிதைக்கிறது, நகர்கிறது. ஆந்த்ராசிஸ் பொதுவாக இவ்விரண்டையும் செய்யாது. இந்த வகைக் காலனி இரத்த அகாரில் வளையமின்றியும் நகர்வின்றியும் இருந்திருந்தால், தட்டை மூடி முத்திரையிட்டு, திறந்த மேசையில் வேறெந்தச் சோதனையும் செய்யாமல், உயிரிப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கும் அடையாளத்தை உறுதிப்படுத்தும் மேற்கோள் ஆய்வகத்திற்கும் தெரிவித்திருக்க வேண்டும். அடுத்து முட்டை மஞ்சள்கருவும் மானிட்டாலும் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்) சேர்ந்த ஊடகத்தில் கீற்றிடுங்கள். சீரியஸ் குழு பொதுவாக மானிட்டாலை நொதிக்காததால் காலனி இளஞ்சிவப்பாகவும், மஞ்சள்கருவின் லெசித்தினைச் சிதைக்கும் லெசித்தினேஸ் நொதியால் அதைச் சுற்றி ஒளிபுகா வளையமாகவும் தெரியும்.

மண்ணுயிரி:
அந்த ஊடகத்தில் இளஞ்சிவப்புக் காலனியும் வெண்மையான வளையமும் வந்துவிட்டன. அறிக்கையில் சீரியஸ் என்றே எழுதலாமா?

அகார்த்தட்டு:
துரிஞ்சியென்சிஸும் அந்த ஊடகத்தில் அப்படியேதான் இருக்கும். வளர்ப்பை அகவித்து உருவாகும்வரை சில நாள் விட்டு, சாயமின்றியே செல்லைக் காட்டும் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் 100 மடங்கு எண்ணெய் வில்லையில் பாருங்கள். அகவித்துக்கு அருகே தனியாகச் சாய்சதுரப் படிகங்கள் கிடந்தால் துரிஞ்சியென்சிஸ் என்று எழுதலாம். காணப்படாவிட்டால் "பேசிலஸ் சீரியஸ் குழு" என்று எழுதி, செய்த சோதனைகளையும் வளர்ப்பின் வயதையும் உடன் குறிப்பிடுங்கள். பிளாஸ்மிடை இழந்த துரிஞ்சியென்சிஸ் தனிவகையிலும் படிகம் இராது.