ஹெலி இறங்கும் மைதானத்தில் கரண்ட் கம்பி: தெரிந்தவர்கள் உதவுங்கள்

மாரி வெள்ளத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் ஊர் துண்டுபட்டுவிடும். நோயாளியை ஏற்ற ஹெலி வந்தால் பள்ளிக்கூட மைதானம்தான் ஒரே மேட்டு நிலம். பிரச்சினை, ஓரமாகப் போகும் கரண்ட் கம்பி. மழை இருட்டில், பின்னாலுள்ள தென்னைகளோடு கலந்து, அது இருப்பதே தெரியாது. மேலிருந்து பார்க்கிற விமானிக்குக் கம்பியைத் தாங்கும் போஸ்ட்தான் முதலில் கண்ணில் படும். அப்படியென்றால் போஸ்டுக்கு வெள்ளை பூசினால் போதுமா? அதைச் சாய்வாக இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியை எப்படிக் காட்டுவது? தம்பிமார் கொடி நடலாம் என்கிறார்கள். பிய்ந்து பறந்து விசிறியில் சிக்கினால்? (கம்பியில் நாங்கள் கைவைக்க மாட்டோம், அது மின்சார சபை வேலை.) காற்றின் திசை காட்டப் புகை போடலாமா? விமானப்படையில் இருந்தவர்கள், அனர்த்த முகாமைத்துவத்தில் வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கார்த்திகைக்கு முன் முடிக்க வேண்டும்.