பொருள்: டாக்ஸோபிளாஸ்மோசிஸ் – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு)

வணக்கம். புறநோயாளிகளுக்கான கையேடு ஒன்று எழுதுகிறேன். வேறு நோயில்லாத பெரியவர்களுக்கு இந்த நோயைத் தரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றினால் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. சிலருக்கு மட்டும் கழுத்தில் வலியில்லாத கட்டிகள், லேசான காய்ச்சல், உடம்பு வலி, அசதி. சில வாரங்களில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகி, தானாக அடங்கும். நோய்க்கும் அந்தக் கட்டிக்கும் நல்ல சொல் வேண்டும்.
– செ.

> நோய்க்கு

‘டாக்ஸோ’வின் மூலமான தோக்சோன் கிரேக்கத்தில் வில். எனவே ‘வில்லுரு நோய்’. டகரம் மொழிமுதலில் வராது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டுண்ணியின் முழுப்பெயரான ‘டாக்ஸோபிளாஸ்மா கோண்டி’யில் வரும் ‘கோண்டி’ என்ற சிறப்புப் பெயரையும் விடவேண்டாம். சங்கத் தமிழில் கொண்டி என்றால் கொள்ளைப்பொருள். உடலைக் கொள்ளைகொண்டு தசையிலும் மூளையிலும் ஆயுளுக்கும் தங்கும் உயிரிக்கு இதைவிட என்ன பொருத்தம்?
– பு.மா.

ஐயா, 1908இல் துனிசில் அதைக் கண்டெடுத்தது ஒரு வட ஆப்பிரிக்கக் கொறிவிலங்கில். அதன் பெயர் குண்டி. பெயர்க்காரணத்தை வகுப்பில் சொல்லிவிட்டு நீங்களே பிள்ளைகளை அடக்குங்கள் :-)
பூனையால் வருவதுதானே, ‘பூனைக்காய்ச்சல்’ போதாதா?
– இரா.

போதாது. பூனைக்கீறல் நோய் என்று வேறொன்று இருக்கிறது, அதிலும் நிணநீர்க் கணுக்கள், அதாவது இங்கே கட்டிகளாகத் தெரிபவை, வீங்கும். சரியாக வேகாத இறைச்சியாலும் இது வரும். பழியை முழுக்கப் பூனைமேல் போட்டால் நாளைக்கே தெருவில் விட்டுவிடுவார்கள். ‘வில்’லும் சிக்கல்தான். இது விழித்திரையையும் தாக்கக்கூடியது. கண் பற்றிய பத்தியில் வில்லுருவைப் பார்ப்பவர் கண்வில்லை என்றுதான் நினைப்பார்.
– செ.

கட்டிக்கு எங்கள் ஊரில் ‘நெறி கட்டியிருக்கு’ என்போம். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் கட்டுமே, அதே.
– வள்ளி

நெறி என்றால் ஒழுக்கம், வழி. கட்டிக்கு அதைக் கொடுப்பதா? நிணக்கணு வீக்கம் என்க.
– பு.மா.

நிணக்கணு என்றால் என் அம்மா மருந்துக்கடையில் போய்க் கேட்பார், இருக்கிறதா என்று. ஆனால் வள்ளியக்கா, நெறி என்றாலே வலிக்கும் என்றுதானே நினைப்போம்? இங்கே வலி இல்லாததே அடையாளம்.
– இரா.

அப்படியானால் ‘வலியில்லாத நெறிக்கட்டு’. தலைப்பில் ‘டாக்ஸோபிளாஸ்மா தொற்று’. நான்கு வாரம் தாண்டியும் கட்டி கரையாவிட்டால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்கவும் என்று சேர்த்து அனுப்பிவிட்டேன்.
– செ.

‘தொக்சோ’ என்றாவது போட்டிருக்கலாம். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கொண்டி பற்றி விரிவாகத் தனி இழையில் எழுதுகிறேன்.
– பு.மா.