கால் பெருவிரலில் கட்டியிருந்த கயிறு

தென்காசிப் பக்கம் ஒரு வீடு. தாய் குழந்தையை எப்படிக் கவனிக்கிறார் என்று உட்கார்ந்து பார்த்துக் குறிக்கிற வேலை எனக்கு. கையில் ஹோம் (HOME) அளவுகோல், வீட்டில் பிள்ளைக்குக் கிடைக்கிற கவனிப்பையும் சூழலையும் அளக்கிற படிவம். 45 கேள்வி, அதில் 11 தாயின் மறுமொழி பற்றியது: நாம் இருக்கும்போது பிள்ளையிடம் தானாக இரண்டு தடவையாவது பேசினாரா, ஒரு தடவையாவது கொஞ்சினாரா என்கிற மாதிரி.

அந்த அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் சுளவு, பக்கத்தில் சேலைத் தொட்டில். வாயே திறக்கவில்லை. அரை மணி நேரம் 'இல்லை', 'இல்லை' என்றே குறித்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது, தொட்டிலிலிருந்து ஒரு கயிறு அவர் கால் பெருவிரலுக்கு வந்திருந்தது. துணிக்குள் பிஞ்சுக் கால் லேசாக உதைத்தால் போதும், விரல் அசையும். அழுகைக்கு இடமே இல்லை. ஒரு தடவை சிணுங்கல் வேறு மாதிரி வந்தது. "இது பசி" என்று சுளவை இறக்கி வைத்தார். உடனே தூக்கவில்லை, புகையிலைத் தூள் போக முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். அங்கிருந்தே "இந்தா வந்துட்டேன்ல" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. பிள்ளையும் காத்திருந்தது.

தாய்-சேய் பிணைப்பை ஆராய்ந்த உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த், அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணி நேரம் உட்கார்ந்து பார்த்தது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வந்தவர்களுக்காகக் கொஞ்சுவது சீக்கிரம் ஓய்ந்துவிடும். கைவேலை நடக்கும்போதும் பிள்ளையின் குறிப்பு தாய்க்கு எட்டுகிறதா என்பது அதற்கப்புறம்தான் தெரியும்.

---

நான் பார்த்தது நேர்மாறு அக்கா. வீடு நிறைய பொம்மை. அந்த அம்மா கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே பேசினார், நிறுத்தவே இல்லை. ஆறு மாதக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவரும் அந்தப் பக்கம் போய் ஆட்டினார். கொட்டாவி விட்டது, விக்கியது, கையை இறுக்கிக்கொண்டது. கொஞ்சம் விடுங்கள் என்று அது கேட்டது அவருக்குத் தெரியவில்லை. பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பேச்சுக்கு முழு மதிப்பெண் போட எனக்கு மனசு வரவில்லை.

---

நான் போன வீட்டில் அம்மாவுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. ஒரு வயசுப் பையன் வந்து அவர் தொடையில் இரண்டு தட்டு தட்டுவான். அடுப்பை விட்டுத் திரும்பி முதலில் அவன் முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் கைஜாடை. பேச்சுக் கட்டத்தின் ஓரத்தில் இதைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். படிவத்தில் இல்லாததை எழுதக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டார்கள்.

---

தம்பி, அந்தத் தாளைப் பத்திரமா வச்சிருங்க. நான் மறுவாரமும் அந்த வீட்டுக்குப் போய், காலையிலிருந்து மதியம் வரை இருந்து, என் தாளைப் புதுசா நிரப்பினேன்.