டிவி மூலையில் லோகோ: உங்களுக்கு என்ன நடந்தது?

பால்கனி:
2015 டிசம்பர் 2, சென்னைப் பக்கம் முடிச்சூர். எல்லோருக்கும் தெரிந்த வெள்ளம்தான், அதை விடுங்கள். எங்கள் தெருவில் கார் கண்ணாடி வரை தண்ணீர். மாடியில் நின்று 40 விநாடி படம் பிடித்தேன். சிக்னல் வந்ததும் சொந்தக்காரர்கள் குரூப்பில் மட்டும் போட்டேன். கரண்ட் வந்த அன்று டிவியைப் போட்டால் ஒரு செய்தி சேனலில் அதே தெரு, அதே 40 விநாடி. வலது மூலையில் அவர்கள் லோகோ, கீழே "பிரத்யேகக் காட்சி". நடுவில் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்கிறது: "கம்பியைப் பிடிக்காதடா, ஷாக் அடிக்கும்!" என் அம்மா எப்போது அவர்களுக்குப் பிரத்யேகமானாள் என்று இன்றுவரை புரியவில்லை.

நைட் ஷிப்ட்:
நான் ஒரு சேனலின் கண்ட்ரோல் ரூமில் ஆறு வருடம் இருந்தவன். எங்களுக்கு வரும் நிகழ்ச்சியில் லோகோ இருக்காது. சிக்னல் வெளியே போகும் கடைசி இடத்தில்தான் மேலே ஏற்றுவோம். விளம்பரம் வந்தால் எடுப்போம், முடிந்தால் போடுவோம். அன்றைக்கு ராத்திரி 2 மணி, பழைய படம், எனக்குத் தூக்கம். இடைவேளை முடிந்தும் போடவில்லை. 11 நிமிஷம். அப்புறம் போன் அடித்தது. ஏதோ ஊர் கேபிள்காரர்: "சார், இது உங்க சேனல்தானா, இல்ல வேற எவனாவது உள்ள பூந்துட்டானா?" அவர் முன்னால் ஐம்பது அறுபது சேனல் சின்னச் சின்னக் கட்டமாக ஓடும். லோகோ இல்லாவிட்டால் எது யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பட்டனை அமுக்கும்போது விரல் நடுங்கியது. காலையில் விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

அப்பத்தா பேரன்:
எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. கேபிள்காரரோ நினைத்தபோதெல்லாம் நம்பரை மாற்றிவிடுவார். அப்பத்தா ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போய், மூலையில் சூரியன் வந்தால் நிறுத்திவிடும். அதுதான் சன் டிவி. சீரியல் நடுவில் சூரியன் போய்விட்டால் விளம்பரம் என்று அர்த்தம்; எழுந்து போய் உலையைப் பார்க்கும். அடுப்படியிலிருந்தே "சூரியன் வந்துருச்சா?" என்று குரல் கொடுக்கும். புதுசாகக் கல்யாணமான மாப்பிள்ளை ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். வாசலுக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "இல்ல அப்பத்தா, மேகமூட்டமாத்தான் இருக்கு" என்றார்.

மூன்றாம் மாடி:
பால்கனி, உங்கள் மேலும் தப்பு இருக்கிறது. சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டது ஊர் முழுக்கப் போகாமல் இருக்குமா? ஆனால் லோகோவை ஒட்டிவிட்டதால் படம் அவர்களுடையது ஆகிவிடாது. உரிமை, படம் எடுத்தவருக்குத்தான்; அதற்குப் பதிவுகூடச் செய்ய வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 37ஆம் பிரிவில் சேனலுக்குத் தருவது அவர்களுடைய ஒளிபரப்பின் மேல் 25 ஆண்டு உரிமை. அது வேறு, இது வேறு. இனிமேல் எதை எடுத்தாலும் மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த காப்பியில் எடுத்த தேதி, இடம் எல்லாம் உதிர்ந்துபோயிருக்கும்.

நைட் ஷிப்ட், நீங்கள் சொல்லாமல் விட்டது: லோகோ போடுவதே ரேட்டிங்குக்காகத்தான்.

என் அனுபவம் சின்னது. ஓஎல்இடி டிவி வாங்கினேன். அப்பா நாள் முழுக்க ஒரே செய்தி சேனல். இரண்டே வருடத்தில் அந்தச் சிவப்பு லோகோவின் நிழல் திரையில் பதிந்துவிட்டது. கிரிக்கெட் போட்டால் புல்தரையில் நிற்கிறது. வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டார்கள். வாங்கப்போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், பிக்சல் ஷிப்ட்டை (படத்தை அவ்வப்போது துளி நகர்த்தும் வசதி) ஆஃப் செய்யாதீர்கள், முக்கியமாக ராத்திரி சுவர் ஸ்விட்சை அணைக்காதீர்கள். ரிமோட்டில் அணைத்த பிறகுதான் அந்த டிவி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஸ்விட்சை அணைக்காமல் தூக்கம் வராது என்பது தனிக் கதை.

நைட் ஷிப்ட்:
ரேட்டிங் மீட்டர் லோகோவைப் பார்ப்பதே இல்லை சார். யார் எந்த சேனல் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் மீட்டர், சத்தத்துக்குள் காதுக்குக் கேட்காதபடி புதைத்த வாட்டர்மார்க் என்ற அடையாளத்தைத்தான் பிடிக்கிறது. லோகோ மனுஷனுக்கு.

மூன்றாம் மாடி:
அந்த மனுஷன் மனசில் பேர் நின்றால்தானே திரும்ப வருவான், ரேட்டிங் ஏறும்? அதைத்தான் நானும் சொன்னேன்.

பால்கனி:
மூலக் கோப்பா? அந்த போன் அடுத்த வருடமே செத்துப்போச்சு. குரூப்பில் கேட்டுப் பார்த்தேன், போனில் இடமில்லை என்று எல்லோரும் அழித்துவிட்டார்கள். என்னிடம் மிச்சம் இருப்பது தம்பி டிவித் திரைக்கு முன்னால் போனை நீட்டி எடுத்த காப்பி மட்டும்தான். அதில் பால்கனிக் கம்பி வருகிற இடத்தை லோகோ மறைக்கிறது. "கம்பியைப் பிடிக்காதடா" மட்டும் கேட்கிறது.