மறு: சஸ்பென்ஸ் – ‘அந்தரம்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘மர்மம்’ என்ற நல்ல சொல் இருக்கும்போது சஸ்பென்ஸுக்குத் தனிச்சொல் எதற்கு? வேண்டுமானால் ‘திகில்’, ‘பரபரப்பு’ என்றும் போட்டுக்கொள்ளலாமே.

இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. மாணவர்களுக்காக நாம் தொகுக்கும், ஆங்கிலத் திரைச்சொற்களுக்கான தமிழ்ச்சொல் பட்டியலில் மற்றவை அநேகமாக முடிந்துவிட்டன. பாத்திரங்களுக்கும் கேட்கிற சத்தத்துக்குக் ‘கதையுள் ஒலி’, பின்னணி இசை போல நமக்கு மட்டும் கேட்பதற்குக் ‘கதைப்புற ஒலி’ என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஒரு வகைப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் வழக்கங்களான கன்வென்ஷனுக்கு ‘மரபு’ போதும். முட்டிக்கொண்டு நிற்பது சஸ்பென்ஸ் ஒன்றுதான்.

மர்மம் என்றால் பார்ப்பவரிடம் ஒளித்து வைப்பது. கொன்றது யார், பெட்டிக்குள் என்ன, இப்படி. சஸ்பென்ஸ் அதற்கு நேர் எதிர். பார்ப்பவரிடம் சொல்லிவிட்டு, படத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்லாமல் விடுவது. சஸ்பென்ஸ் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கின் மேசை உதாரணம் பலருக்கும் தெரிந்திருக்கும். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ எடுத்த நீண்ட பேட்டியில் வருகிறது. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அடியில் குண்டு இருப்பது நமக்கும் தெரியாது. வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டை முதலிலேயே காட்டி, ஒரு மணிக்கு வெடிக்கும் என்றும் சொல்லி, கடிகாரத்தில் மணி 12.45 என்பதையும் காட்டிவிட்டால், அவர்களுடைய உப்புச்சப்பில்லாத பேச்சுகூட 15 நிமிடம் நம்மை உட்கார விடாது. நமக்குச் சொல் வேண்டியது இந்த இரண்டாவதற்கு. ‘மர்மம்’ என்று எழுதிக் கொடுத்தால், மாணவர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றைச் செய்வார்: எதையுமே காட்டாமல் இருப்பார்.

செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். இந்தப் பட்டியல் லண்டன் பள்ளிகளில் மீடியா ஸ்டடீஸ் படிக்கும் நம் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளால் தொடங்கியது என்பது நினைவிருக்கும். பிரிட்டனின் ஓசிஆர் தேர்வு வாரியம் பழைய ஏ.எஸ். (ஏ லெவலின் முதலாண்டு) பாடத்திட்டத்தில் ஒரு செய்முறைப் பணி வைத்திருந்தது: புதிய கதைப்படம் ஒன்றின் டைட்டிலும் தொடக்கமும், அதிகபட்சம் இரண்டு நிமிடம். அதற்கு முன்னால் ஒரு சின்னப் பயிற்சி. ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வரி பேச வேண்டும். வெட்டு தெரியாமல் செயல் தொடர்வதையும் கேமரா இருவருக்கும் இடையிலான கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற 180 பாகை விதியையும் அதில் காட்ட வேண்டும்.

அப்படி எடுத்த தொடக்கங்கள் யூடியூபில் ஏராளம். முக்கால்வாசி த்ரில்லர். ஹூடி போட்ட ஆள், மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, ஓடுகிற பெண், ஆடுகிற கேமரா, இதயத் துடிப்பு, நடுநடுவே கருப்புத் திரை, கீறல் விழுந்த எழுத்தில் பெயர்கள். மரபு ஒன்றும் பாக்கியில்லை. ஆனால் அவள் ஏன் ஓடுகிறாள், பிடிபட்டால் என்ன ஆகும் என்று நமக்கு ஒரு துரும்பும் தெரியாததால், பயமும் இல்லை. இவர்கள் எடுத்திருப்பது மர்மம். அதுவும் அரைகுறை மர்மம்.

இதே வேலையைச் சரியாகச் செய்த படம் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958). இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் முதல் ஷாட்டிலேயே கையையும் குண்டையும் குளோசப்பில் காட்டுகிறார். கை நேரம் வைக்கிறது. குண்டு ஒரு காரின் டிக்கிக்குள் போகிறது. ஒரு ஜோடி வந்து காரில் ஏறுகிறது. அப்புறம் மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லை. கேமரா கூரைகளுக்கு மேல் ஏறி இறங்குகிறது, கார் கூட்டத்தில் மறைந்து மறுபடி வருகிறது, கதாநாயகனும் மனைவியும் அதன் பக்கத்திலேயே சாவகாசமாக நடக்கிறார்கள். மெக்சிகோ எல்லைச் சாவடியில் காரில் இருக்கும் பெண், தலைக்குள் டிக் டிக் என்று ஏதோ கேட்பதாகச் சொல்கிறாள். காவலர் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நமக்கு மட்டும்தான் அந்த வரியின் அர்த்தம் தெரியும்.

நம் பட்டியலுக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஸ்டுடியோ அந்த ஷாட்டின்மேல் டைட்டில் எழுத்துகளையும் ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றிவிட்டது. வெல்ஸ் படத்தில் செய்யச் சொன்ன மாற்றங்களை 58 பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்திருந்தார். 1998இல் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் அதன்படி மறுபடி தொகுத்தபோது எழுத்துகளை நீக்கி, தெருவோர விடுதிகளின் பாட்டையும் கார் ரேடியோவையும் மட்டும் விட்டார். இப்போது கண்ணில் படாதபோதும் ரேடியோ கேட்டால் கார் பக்கத்தில் வந்துவிட்டது என்று உடம்பு சொல்கிறது. கதைப்புற ஒலியை எடுத்துவிட்டுக் கதையுள் ஒலியை வைத்ததால் கூடிய பதைப்பு அது. இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் மாணவருக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

குண்டுதான் வேண்டும் என்றில்லை. பள்ளிக்கூடத்திலேயே எடுக்கலாம். ஆசிரியர் அறை, மாலை, யாருமில்லை. ஒரு மாணவி தேர்வுத்தாளை நகல் எடுக்கிறாள். மெஷின் திரையில் மீதிப் பக்கம் 9 என்று குளோசப். வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஆசிரியை சீட்பெல்ட் போடுகிறார், கழுத்தைத் தடவுகிறார், அடையாள அட்டை இல்லை. அது நகல் மெஷின் பக்கத்து மேசையில் கிடப்பதை நாம் பார்த்தாயிற்று. கார்க் கதவு திறக்கிறது. மீதி 6. மாணவி போனில் யாருக்கோ சிரிப்புப் படம் அனுப்புகிறாள். படிக்கட்டில் காலடி. மீதி 4, காகிதம் சிக்கிக்கொள்கிறது. டைட்டில். இதில் ஹூடியும் இல்லை, காடும் இல்லை. ஓடவும் யாரும் இல்லை.

> தொல்காப்பியரின் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் மருட்கையும் இருக்கின்றனவே?

இருக்கின்றன, ஐயா. மெய்ப்பாடு என்றால் உடம்பில் தெரியும் உணர்ச்சி. மருட்கை வியப்பு, அது வேறு. அச்சம் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்) என்ற நான்கால் வரும் என்கிறார். ஆனால் அது படத்தில் இருப்பவருக்கு வரும் அச்சம். நம் மாணவி சிரித்துக்கொண்டிருக்கிறாள், வியர்ப்பது நமக்கு.

பழைய இலக்கியம்தான் வேண்டும் என்றால் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இன்னும் கிட்ட வருகிறது. சிலம்பை விற்கக் கோவலன் தெருவில் இறங்கியதும் காளை ஒன்று எதிர்ப்படுகிறது. ‘இமிலேறு எதிர்ந்தது இழுக்கென அறியான்’ என்கிறார் இளங்கோ. ஆயர் குலத்தில் அது கெட்ட சகுனம். வணிகனுக்கு அந்த விவரம் தெரியாது. நூலின் முகப்பான பதிகத்திலேயே முடிவைக் கேட்டுவிட்ட நமக்கு எல்லாம் தெரியும். அந்த ‘அறியான்’ செய்கிற வேலைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

வந்த பரிந்துரைகளில் ‘ஊசலாட்டம்’ முடிவெடுக்க முடியாத மனசைக் குறிக்கும். ‘பதைபதைப்பு’ நல்ல சொல், ஆனால் தேர்வு முடிவுக்குக் காத்திருந்தாலும் பதைபதைப்புதான். என் முன்மொழிவு ‘அந்தரம்’, அல்லது அதிலிருந்து ‘அந்தரிப்பு’. தமிழ்நாட்டில் அந்தரத்தில் தொங்குகிறது என்போம், மேலும் இல்லை கீழும் இல்லை. ஈழத்தில் அந்தரம் என்றால் மனம் இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

*

அண்ணா, வணக்கம்.

‘அந்தரப்படாதை’ எங்கட வீடுகளில் நாளாந்தம் கேட்கிற சொல். பஸ் வருகிற நேரம் சப்பாத்தைக் காணவில்லை என்றாலும் அந்தரம், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வராவிட்டாலும் அந்தரம். இங்கே லண்டனில் பிறந்த பிள்ளைகளுக்கும் அம்மம்மா வாயால் இது தெரியும். ஆகவே அந்தரத்துக்கு என் ஓம்.

ஆனால் ‘அந்தரிப்பு’ வேண்டாம். ‘அந்தரிச்சுப் போனம்’ என்று எங்கட ஆக்கள் சொன்னால், இடம்பெயர்ந்து போக்கிடம் இல்லாமல் நின்ற நாட்கள்தான் நினைவுக்கு வரும். அதை இரண்டு நிமிடப் பள்ளிக்கூடப் படத்துக்குப் பெயராக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நகல் மெஷின் காட்சியை வகுப்பில் எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஒன்று மட்டும்: மாணவி ஏன் தாளைத் திருடுகிறாள் என்பதற்கு ஒரு சின்னக் குறிப்பாவது வேண்டும். பிடிபடட்டும் என்று பார்ப்பவர்கள் நினைத்துவிட்டால் அந்தரம் எங்கிருந்து வரும்?

*

நண்பர்களே,

என் மறுப்பையும் பதிவு செய்கிறேன். சஸ்பென்ஸ் தமிழாகிப் பல காலம் ஆயிற்று. டீக்கடையில்கூட ‘என்னப்பா சஸ்பென்ஸ் வைக்கிறே, சொல்லித் தொலை’ என்கிறார்கள். ஊர் பேசும் சொல்லை விட்டுவிட்டு நாம் எதற்குத் தச்சு வேலை பார்க்கிறோம்? இன்னொன்று: ‘அந்தரக் காட்சி’ என்று கேள்வித்தாளில் அச்சாகி வந்தால், நடுவே ‘ங்க’ விட்டுப்போய்விட்டது என்று கடைசி பெஞ்சில் முடிவுகட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் வகுப்பு நடந்த மாதிரிதான்.

*

எல்லோருக்கும் வணக்கம்.

டீக்கடை உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது, ஐயா. ‘சஸ்பென்ஸ் வைக்கிறே’ என்றால் எதையோ ஒளிக்கிறாய் என்று அர்த்தம். ‘சஸ்பென்ஸை உடைக்காதீங்க’ என்றால் முடிவைச் சொல்லாதே என்று அர்த்தம். தமிழுக்குள் வந்த சஸ்பென்ஸ் மர்மத்தின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அதையே பாடப்பட்டியலில் வைத்தால் மறுபடியும் ஹூடியும் காடும்தான் வரும்.

அந்தரங்கச் சங்கடம் உண்மை. ‘அந்தரக் காட்சி’, ‘அந்தரப் படம்’ என்ற தொகைகளை விட்டுவிடுவோம். திகிலூட்டும் என்பதுபோல ‘அந்தரமூட்டு’ என்று வினையாக்கினால் சிக்கலில்லை: அந்தரமூட்டும் தொடக்கம், அந்தரமூட்டும் ஒலி. ‘அந்தரிப்பு’ பற்றி லண்டனிலிருந்து வந்த காரணம் வலுவானது, நீக்கிவிட்டேன்.

அங்கிருந்து வந்த மற்றக் கேள்வியையும் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறேன். பார்ப்பவர் பாத்திரத்தின் பக்கம் நிற்க வேண்டும். ஹிட்ச்காக்கே 1936இல் ‘சாபொட்டாஜ்’ படத்தில் ஒரு சிறுவன் கையில் ஃபிலிம் பெட்டிகளோடு குண்டையும் கொடுத்து, லண்டன் பஸ்ஸில் ஏற்றி, கடைசியில் வெடிக்கவிட்டார். பையனை நேசித்த பார்வையாளர்கள் அதைப் பொறுக்கவில்லை. அது தப்பு என்று அவரே பின்னால் த்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார். அதற்காக, முடிவில் அந்தரம் தணிய வேண்டும் என்று வரையறையில் எழுத வேண்டியதில்லை. இரண்டு நிமிடத் தொடக்கத்தில் தணிப்பதற்கு நேரமே கிடையாது. டைட்டில் விழும்போது காகிதம் சிக்கியபடியே இருக்கலாம்.

பதிவு இப்படி இருக்கும்:

அந்தரம்: நாம் அக்கறை கொண்ட பாத்திரத்துக்கு வரும் ஆபத்து நமக்குத் தெரிந்து, அவருக்குத் தெரியாமல், நேரம் குறைந்துகொண்டே போகும்போது பார்ப்பவருக்கு ஏற்படும் தவிப்பு. வினை: அந்தரமூட்டு. ‘மர்மம்’ பார்க்க.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அடுத்தது ‘ரெட் ஹெர்ரிங்’, பார்ப்பவரைத் திசைதிருப்பப் போடும் பொய்யான துப்பு. ‘பொய்த்தடயம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். பேச்சுவழக்கில் இதைவிட நல்லது யாரிடமாவது இருக்கும்.