மாமரத்தில் முறுக்கி ஏறியிருப்பது வாலுளுவையா?

வெள்ளவத்தை_வளவு:
வணக்கம். எங்கள் மாமரத்தில் ஒரு கொடி முறுக்கி ஏறியிருக்கு. அடித்தண்டு பெருவிரல் பருமன், பட்டை முழுக்க வெள்ளைப் புள்ளி, இலை விளிம்பில் சிறு பற்கள். பூக்கிறது, காய்க்கவில்லை. சிலர் துஹுது என்கிறார்கள், சிலர் கொத்தல ஹிம்புட்டு. போனில் படம் போட்டால் அமெரிக்காவில் பரவிய களை, வேரோடு அழி என்கிறது. அழிக்கவா?

இலைநரம்பு:
அவசரப்படாதீங்கோ. கணுவுக்கு ஓர் இலையாக மாறி மாறி நின்றால் வாலுளுவை, சிங்களத்தில் துஹுது. சோடியாக எதிரெதிரே நின்றால் கொத்தல ஹிம்புட்டு. இரண்டும் செலாஸ்ட்ரேசியே குடும்பம்தான், ஆனால் மருந்துக்கு ஒன்றுக்குப் பதில் மற்றது ஆகாது. அந்த வெள்ளைப் புள்ளிகளை விரலால் தடவுங்கோ, சொரசொரக்கும். பட்டை மூச்சுவிடும் துளைகள் அவை.

போன் சொல்வது கிழக்காசியாவிலிருந்து அமெரிக்கா போன செலாஸ்ட்ரஸ் ஆர்பிகுலேட்டஸ். அதற்குப் பூ இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடத்தில், சிறு கொத்தாக வரும். வாலுளுவைக்குக் கிளை நுனியில் நீண்ட கொத்தாகத் தொங்கும். இது இந்த மண்ணின் கொடி. களையென்று அழிக்க வேண்டியதில்லை.

காய்க்காததற்குக் காரணம், பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனிக் கொடி. பூவை வில்லையால் பாருங்கோ. நடுவில் திரண்ட சூலகம் (காயாகும் பகுதி) இருந்தால் பெண், பக்கத்தில் ஆண் கொடி வேண்டும். ஐந்து மகரந்தத் தாள்கள் நீட்டி நின்று சூலகம் சுருங்கியிருந்தால் ஆண்.

ஒட்டுக்கத்தி:
கொடி நல்லதுதான், மாமரத்தில் விடக்கூடாது. தண்டு பருக்கப் பருக்க முறுக்கு இறுகும். இலையில் செய்த உணவு பட்டை வழியே வேருக்கு இறங்காது. முறுக்குக்கு மேலே மரம் வீங்கியிருந்தால் நெரிபடத் தொடங்கிவிட்டது.

கொடியை வேறிடத்தில் வளர்க்க, முதலில் அதிலிருந்து பதியன்துண்டு எடுங்கோ: பென்சில் பருமன், 15 முதல் 20 சென்ரிமீற்றர், மூன்று கணு. அடியில் வேர்விடு தூள் தடவி, பாதி மணல் பாதி தும்புத்தூளில் நட்டு, நிழலில் பொலித்தீன் மூடி வையுங்கோ. தண்ணீர் தேங்கினால் அடி கறுத்து அழுகும். கொழும்பு மழையில் பெரும்பாலும் கெடுவது இதனால்தான்.

பிறகு முழங்கால் உயரத்தில் வெட்டி, மேலே உள்ளதை ஓர் அடித் துண்டுகளாக நறுக்கிக் கழற்றுங்கோ. இழுத்தால் மாம்பட்டை உரியும். அடிக்கட்டை துளிர்க்கும், இரண்டு மூன்று கிழமைக்கொருமுறை கிள்ளினால் ஓயும்.

வெள்ளவத்தை_வளவு:
நன்றி. கணுவுக்கு ஓர் இலைதான். பூவில் ஐந்து தாள்கள், நடுவில் ஒன்றும் திரளவில்லை. அப்போ ஆண்.

இலைநரம்பு:
ஓம், ஆண். அதன் பதியனும் ஆணாகத்தான் வரும். காய் வேண்டுமென்றால் பெண் கொடியிலிருந்து இன்னொரு துண்டு தேடுங்கோ.